மண் மூடுவதற்கு முன் யார் பார்ப்பது? கோலாலம்பூர் சாலைப்பணி ஆய்வாளருக்கு மூன்று வாசல்கள்

அக்கா மகன் போலிடெக்னிக்கில் சிவில் டிப்ளோமா முடித்துவிட்டு வந்து நின்றான். "மாமா, எனக்குச் சாலைப்பணி ஆய்வாளர் வேலைதான் வேண்டும். டிபிகேஎல்லுக்கு எழுதிப் போடவா, ஆலோசகர் நிறுவனத்தில் சேரவா, குத்தகையாளரிடம் போகவா?" அவனுக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன். இந்த மூன்றில் இரண்டு பக்கங்களில் நானே வேலை பார்த்திருக்கிறேன். டிபிகேஎல் என்கிற கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்காரர்களோடு இருபது ஆண்டுகளாக ஒரே கூட்ட மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லோரும் முதலில் சம்பளத்தை ஒப்பிடுவார்கள். நான் குழியிலிருந்து தொடங்குகிறேன். சாலை வேலையில் முக்கியமானதெல்லாம் மண்ணுக்கு அடியில் போய்விடுகிறது: குழாயின் படுகை, கம்பிகளின் இடைவெளி, மண்ணின் இறுக்கம். மேலே பிரீமிக்ஸ் என்கிற தார்க் கலவையைப் போட்டு உருளை ஓடிவிட்டால் நல்ல வேலையும் கெட்ட வேலையும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே நான் கேட்பவை இரண்டு. மூடுவதற்கு முன் அந்தக் குழி ஓரத்தில் உன்னால் நிற்க முடிகிறதா? நீ 'நிறுத்து' என்றால் வேலை நிற்கிறதா?

சாலையைப் போட்டுக் கொடுக்கும் குத்தகையாளரின் தரக் கட்டுப்பாட்டு ஆளாக இருந்தால் முதல் கேள்விக்கு முழு மதிப்பெண். உன் கண்ணில் படாமல் ஒரு கம்பிகூட இறங்காது. வேலை தேடி அலையவும் வேண்டாம். கட்டுமானத் தளத்துக்குள் நுழைய வேண்டிய சிஐடிபி பச்சை அட்டையும் பாதுகாப்புக் காலணியும் இருந்தால் அடுத்த வாரமே தளத்தில் நிற்கலாம். இடர் இரண்டாவது கேள்வியில்தான். எனக்கு இருபத்து மூன்று வயதில், சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் ஒரு கல்வர்ட்டின் பக்கவாட்டில் அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்க வேண்டிய மண்ணை ஒரே கொட்டாகக் கொட்டினார்கள். மறுநாள் மழை என்று சொன்னார்கள், இயந்திர வாடகை ஏறுகிறது என்றார்கள். நான் வாய் திறந்தேன், மேலாளர் படிவத்தை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதத்தில் அந்த இடம் தட்டுப்போல் உள்வாங்கியது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் அங்கே விழுந்து கை முறிந்தது. இன்றும் அந்த வழியாகப் போகும்போது என் கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது. உனக்குச் சம்பளம் தருபவர்தான் அந்த இயந்திர வாடகையையும் கட்டுகிறார் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

குத்தகையாளரின் வேலையை மேற்பார்வை பார்க்கும் ஆலோசகர் நிறுவனத்தின் தள ஆய்வாளர், பழைய வழக்கில் கிளார்க் ஆஃப் வொர்க்ஸ், என் மனத்துக்கு நெருக்கமான வேலை. உன்னைத் தளத்தில் நிறுத்துவதே பார்ப்பதற்காகத்தான். காலையில் 'வந்து பாருங்கள்' என்று குத்தகையாளரின் ஆய்வுக் கோரிக்கைத் தாள் வரும். வரைபடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்குவாய். நாடாவைப் பிடித்துக் கம்பி இடைவெளி அளப்பாய். கான்கிரீட் லோரி வந்தால் முதலில் சீட்டைப் பார், எத்தனை மணிக்கு ஆலையை விட்டது என்று. பிறகு முந்நூறு மில்லிமீட்டர் கூம்பில் நிரப்பி, தூக்கி, எவ்வளவு சரிகிறது என்று அளப்பாய். நூற்றைம்பது மில்லிமீட்டர் கான்கிரீட் கனசதுரங்கள் வார்த்து ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் நொறுக்கிப் பார்க்க அனுப்புவாய். இரவு வேலை என்றால் பாதை மூடும் நேரத்துக்குக் காத்திருந்து, ஆலையிலிருந்து ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் புறப்பட்ட பிரீமிக்ஸ் இங்கே வந்து சேரும்போது எவ்வளவு ஆறியிருக்கிறது என்று வெப்பமானியைக் குத்திப் பார்ப்பாய். வழியில் மழை பிடித்துக்கொண்டால் அந்த லோரியைத் திருப்பி அனுப்பச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். இவ்வூரில் மழைக்கு நேரம் காலம் கிடையாது.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. கோலாலம்பூரின் ஒரு பகுதிக்கு அடியில் இருப்பது குகையும் பிளவுமான சுண்ணாம்புப் பாறை. 2017 ஜூலையில் முழுவதும் திறக்கப்பட்ட காஜாங் எம்ஆர்டி நகர ரயில் தடத்துக்காக அந்தப் பாறையைத் துளைக்க, சேற்றுக் கரைசலின் அடர்த்தியை மாற்றிக்கொள்ளக்கூடிய சுரங்க இயந்திரத்தை உலகிலேயே முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட தளத்தில் இரண்டு ஆண்டு நின்றவன் பத்துப் புத்தகம் படித்ததற்குச் சமம். அதே தடத்தின் வேலையில்தான் 2014 ஆகஸ்ட் 18 அன்று கோத்தா டாமன்சாராவில் கான்கிரீட் உத்திரம் சரிந்து மூன்று வங்காளதேசத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆய்வாளராகப் போகிற எவனும் அந்தத் தேதியை மறக்கக் கூடாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உன் அதிகாரம் இரவல். வேலை விதிப்படி இல்லை என்று இணக்கமின்மை அறிக்கை எழுதலாம்; வேலையை நிறுத்தும் ஆணை உன் மேலே இருக்கும் தளப் பொறியாளர் வழியாகத்தான் வரும். அவர் உறுதியானவராக இருந்தால் நீ சிங்கம். இல்லையென்றால் உன் தாள் கோப்பில் தூங்கும். திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்துவிடும். அடுத்த திட்டம் ஜொகூரிலோ பினாங்கிலோ இருக்கலாம். ஒன்று மட்டும் முன்பைவிட நன்றாக இருக்கிறது. 2015-இல் பொறியாளர் பதிவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பொறியாளர் வாரியத்தில் பணி ஆய்வாளர் என்றே பதிவு செய்துகொள்ளலாம். கிளார்க் என்ற பெயரில் ஒதுங்கி நின்றவர்களுக்குத் தொழில் அடையாளம் கிடைத்தது. அந்தப் பதிவைச் செய்யாமல் இருக்காதே.

மாநகர் மன்றத்துக்கு வருகிறேன்.  அங்கே கிடைப்பது சொந்த அதிகாரம். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தொலைத்தொடர்புக்கும் சாலையைத் தோண்டுகிறவர்கள் மூடிய விதத்தைப் பார்த்து, 'மறுபடி செய்' என்று நகரத்தின் பெயரால் சொல்லலாம். வேலை முடிந்த பிறகும் குறைகளைக் குத்தகையாளரே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில் அவரைத் திரும்ப அழைக்கலாம். குத்தகையாளரும் ஆலோசகரும் ரிப்பன் வெட்டியதும் போய்விடுவார்கள். அந்தச் சாலையோடு முப்பது ஆண்டுகள் வாழ்வது நகரம்தான். 2024 ஆகஸ்ட் 23 அன்று ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. நம் அம்மாக்களும் அக்காக்களும் தீபாவளிக்குப் புடவை எடுக்க நடக்கிற தெரு அது. அந்த நடைபாதைகளைப் பார்க்கிற பொறுப்பில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆனால் முதல் கேள்வியில் இந்த வாசல் தடுமாறுகிறது. ஒருவர் கையில் பல தளங்கள். கூட்டம், புகார், கடிதம் என்று நாள் கரைகிறது. குழிக்குப் போய்ச் சேரும்போது அது மூடியிருக்கும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் மலாய்மொழியில் கிரெடிட் இல்லையென்றால் வாசலைத் தாண்டவே முடியாது. உள்ளே போன பிறகும் அறிக்கையெல்லாம் அந்த மொழியில்தான். 'அரசாங்க வேலை, பென்ஷன் உண்டு' என்று வீட்டில் சொல்வது பழைய கணக்கு: 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் இல்லை, இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதிதான். அதனால் தனியார் வேலையோடு ஒப்பிடும்போது முன்பிருந்த இடைவெளி குறைந்துவிட்டது.

எங்கள் தாத்தா செந்தூலில் பொதுப்பணித் துறைத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் இருந்தவர். வெயிலில் தார் டின் தூக்கினார், அளவு பார்க்க அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அக்கா மகன் மாநகர் மன்றச் சட்டை போட வேண்டும் என்று என் அக்கா ஆசைப்படுவதற்குக் காரணம் அதுதான். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. இருந்தாலும் இருபத்திரண்டு வயதில் நேரே அங்கே போகச் சொல்ல மாட்டேன். முதல் நான்கைந்து ஆண்டு ஆலோசகர் தளத்தில் நில். மூடிய சாலையைப் பார்த்தே உள்ளே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கக் கண் பழகிய பிறகு நகரத்துக்கு விண்ணப்பம் போடு. எந்தக் குழியும் பார்க்காதவன் கையில் அதிகாரம் கொடுத்தால் அவன் தாளைத்தான் சோதிப்பான். ஆலோசகரிடம் இடம் இல்லையென்றால் குத்தகையாளரிடம் ஓராண்டு போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வியாழக்கிழமை அவனுக்கு ஓர் ஆலோசகர் நிறுவனத்தில் நேர்காணல். மூன்று கேள்விகளை எழுதிக்கொடுத்திருக்கிறேன்: ஒருவருக்கு எத்தனை தளங்கள்? என் இணக்கமின்மை அறிக்கையை மூடக் கையெழுத்துப் போடுவது யார்? கான்கிரீட் லோரியைத் திருப்பி அனுப்ப நான் யாரைக் கேட்க வேண்டும்? மூன்றாவதுக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், எழுந்து வந்துவிடச் சொன்னேன். நாளை சௌ கிட் போய் அவனுக்குக் காலணி வாங்க வேண்டும்.