மலைநாட்டு வாகனத்துக்குப் பச்சைக் கூலன்டா, நீண்டகாலக் கூலன்டா?

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் புல்வெளியில் உறைபனி படிந்தாலும், கூலன்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின்) அடிப்படையான எத்திலீன் கிளைக்கோல், சம அளவு நீர் கலந்தால் ஏறத்தாழ −37 பாகை செல்சியஸ் வரை உறையாது என்பதால், குளிரை இரண்டு வகைகளுமே எளிதில் தாங்கும். உண்மையான சோதனை ரம்பொடை போன்ற ஏற்றங்களில்தான்: அவை ஏறிச்சேரும் நுவரெலியாவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில், திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிப்பதால், சுமையேற்றிய லொறிக்கு வெறும் குழாய் நீர் போதாது.

சிலிக்கேற்றுச் சேர்ந்த பழைய வகைப் பச்சைக் கூலன்ட் உலோகத்தின் மேல் விரைவாகப் பாதுகாப்புப் படலம் அமைப்பதால், செம்பு, பித்தளை ரேடியேட்டர் கொண்ட பழைய வாகனங்களுக்குப் பொருந்தும், விலையும் குறைவு. ஆனால் அதன் அரிப்புத்தடுப்பான்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால், பொதுவாக இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றவேண்டும்.

கரிம அமிலங்களால் ஆன நீண்டகாலக் கூலன்ட் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உழைக்கும். அலுமினிய எஞ்சினும் ரேடியேட்டரும் உள்ள இன்றைய வான்களுக்கு, தயாரிப்பாளரின் கையேடு வேறுவிதமாகக் கூறாவிடில், நான் இதையே தெரிவுசெய்வேன்.

நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவது ஆபத்தானது, ஏனெனில் நிறத்துக்குப் பொதுவிதி எதுவும் இல்லை. ஒன்றின்மேல் மற்றொன்றை ஊற்றினால் பாதுகாப்பு குன்றும், சிலவேளை கூழாகத் திரளவும் கூடும். வகையை மாற்றுபவர்கள் பழையதை முழுவதும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் அலசிய பின்னரே புதியதை நிரப்பவேண்டும்.