பூம்பாறையில் வீடு எடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தங்கும் வீடு என்று வந்த ஒரு போலி விளம்பரத்தை நம்பிக் கட்டிய 14,500 ரூபாய். போனது போனதுதான் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள், என்னால் அப்படி விட முடியவில்லை. அதே விளம்பரம், அதே படங்களோடு, இன்று காலையிலும் அந்த ஆப்பில் இருக்கிறது. அடுத்த குடும்பம் ஏமாறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கொடைக்கானல் ஏரிக்கரைக் கூட்டம் வேண்டாம் என்றுதான் பூம்பாறையைத் தேர்ந்தெடுத்தோம். கொடையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். மேலே சாலையிலிருந்து பார்த்தால் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல், நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட வீடுகள். குழந்தை வேலப்பர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. பழனியைப் போலவே இங்கிருப்பதும் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்று சொல்வார்கள். முழங்கால் வலியோடு மதுரையிலிருந்து கிளம்பியதே அதற்காகத்தான்.

தங்கும் வீடுகளைப் பதிவு செய்து தரும் ஒரு ஆப். பெயர் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. அதில் 'சரிபார்க்கப்பட்ட வீடு' என்று பச்சை முத்திரையோடு ஒரு வீடு, வாசலில் நின்றால் வயல் தெரியும் படம். இரண்டு இரவுக்கு 11,000 ரூபாயை ஆப்பிலேயே கட்டினோம். அன்றைக்கே வீட்டுக்காரர் என்று ஒருவன் கூப்பிட்டான். அவன் பேசிய விதம் இருக்கிறதே! "அக்கா, அப்பாவுக்கு முட்டி வலின்னா சொல்லுங்க, கீழ் ரூமைத் தந்துடுறேன், கோயில் வாசல் வரைக்கும் ஜீப்பு வரும்" என்றான். அருணகிரிநாதரை அரக்கியிடமிருந்து காப்பாற்ற முருகன் குழந்தையாக வந்து நின்ற கதையை அப்பாவிடம் போனில் நிதானமாகச் சொன்னான். அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "நல்ல பையம்மா, சாமி பக்தி இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அப்புறம்தான் ஜீப், ஊர் சுற்றிக் காட்ட ஆள், வீட்டுக்குப் பின்னாலேயே நடந்து போய்ப் பார்க்கிற பழங்காலக் கற்திட்டை (பெரிய பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய ஈமச்சின்னம்), கொடைக்கானலுக்கு வண்டியில் வர எடுக்க வேண்டிய இ-பாஸ் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய் அவன் எண்ணுக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினோம். ஆக மொத்தம் 14,500.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது கூப்பிட்டேன், போனை எடுத்தான். பெருமாள்மலையில் கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூம்பாறையில் இறங்கியபோது போன் அணைந்திருந்தது. படத்தில் இருந்த வீட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். திண்ணையில் ஒரு அம்மா மலைப்பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார், காய்ந்த தோல் அவர் மடி முழுக்க ஒட்டியிருந்தது. படத்தைக் காட்டினேன். "என் வீடுதான் தாயி, ஆனா நான் யாருக்கும் வாடகைக்கு விடல. இதே படத்தைக் காட்டிக்கிட்டு முன்னாடியும் ஒரு குடும்பம் வந்து நின்னுச்சு" என்றார். அப்பாவை உட்காரவைத்துச் சுக்குக் காப்பி கொடுத்தது அந்த அம்மாதான், காசு கொடுத்தும் வாங்கவில்லை. பூம்பாறைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது, அவர்கள் ஊரை வைத்து எவனோ பிழைக்கிறான். கோயிலை மட்டும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் கொடைக்குத் திரும்பி, கிடைத்த அறையில் படுத்தோம்.

இதற்குப் பிறகு அந்த ஆப்காரர்கள் செய்ததுதான் பெரிய கொடுமை. முதலில் பேசிய பெண், "நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும் மேடம், கொஞ்சம் காத்திருங்க" என்றார். அடுத்தவர், ஏழு வேலை நாளில் பணம் திரும்பிவிடும் என்றார். அது முடிந்து கேட்டால், நாங்கள் அந்த வீட்டில் தங்கிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறதாம்! யார் பதிந்தது என்று கேட்டால், வீட்டுக்காரர். அந்த வீட்டுக்காரரே போலி என்றுதானே புகார்! 3,500 வெளியில் அனுப்பியது, அது அவர்கள் பொறுப்பில்லை, சரி. 11,000 உங்கள் ஆப்பில்தானே கட்டினேன்? பதில் இல்லை. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் கொடுங்கள்' என்று மட்டும் செய்தி வந்தது.

எழுத நிறைய இருக்கிறது, இப்போதைக்கு அவசரமானதை மட்டும் சொல்கிறேன். இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது, அரசு தளத்தில் நீங்களே இலவசமாக எடுக்கலாம், அதற்குக் காசு கேட்கிறவன் எவனாக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். கற்திட்டை பார்க்க வேண்டுமென்றால் தாண்டிக்குடி, பேத்துப்பாறை பக்கம் போக வேண்டும். தாண்டிக்குடிக்கு வழி பெருமாள்மலையிலிருந்து பண்ணைக்காடு போகும் சாலை, பூம்பாறைக்குச் சம்பந்தமே இல்லாத திசை. வீட்டுக்காரரை வீட்டு வாசலில் நின்றபடியே வீடியோ காலில் வரச் சொல்லுங்கள், சாக்குச் சொன்னால் பணம் கட்டாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இன்னொன்று, பணத்தைத் திருப்பித் தருகிறோம், யூபிஐ ரகசிய எண்ணைப் (பின்) போடுங்கள் என்று எனக்கு நேற்று ஒரு அழைப்பு வந்தது. பணம் வாங்குவதற்கு எந்த எண்ணும் போட வேண்டியதில்லை.

இதே வீட்டுப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். என் 14,500 ரூபாய்க்குச் சைபர் கிரைமில் கொடுத்த புகாரோடு உங்களுடையதும் சேர்ந்தால் வழக்குக்குப் பலம்.