சப்போரோவில் நின்றுபோன பின்சக்கரம், ஈசூனில் சரியானது

ஜனவரியில் ஜப்பானின் சப்போரோவுக்கு என் சைக்கிளையும் கொண்டுபோயிருந்தேன். பனிக்காக ஆணி டயர்கூட மாட்டியிருந்தேன். இரண்டாம் நாள் காலை, உறைநிலைக்குக் கீழே குளிர். பெடல் சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை! அறைக்குள் ஒரு மணி நேரம் வைத்ததும் பழையபடி ஓடியது. வெளியே வந்தால் மறுபடியும் அதே கதை.

சிங்கப்பூர் திரும்பியதும் முதலில் போன கடையில், “நல்லாத்தானே ஓடுது” என்று அனுப்பிவிட்டார்கள். நம் வெயிலில் எந்தக் குறையும் தெரியாதுதான். அப்புறம் ஈசூனில் எங்கள் புளோக்குக்கு அருகே இருக்கும் சின்னக் கடைக்குப் போனேன். “கடைசியா எப்ப கிரீஸ் வச்சீங்க தம்பி?” என்றுதான் கடைக்கார அண்ணன் கேட்டார்.

என் கண் முன்னாலேயே ஃப்ரீஹப்பை, அதாவது பின்சக்கரத்தின் நடுவில் இருந்து பெடல் மிதியைச் சக்கரத்துக்குக் கடத்தும் பகுதியை, கழற்றினார். உள்ளே நகம் அளவில் மூன்று கொக்கிகள். மெல்லிய ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் வெளியே தள்ளி, சுற்றியுள்ள பற்களில் மாட்டவைக்க வேண்டும். அவற்றின் மேல் மெழுகு மாதிரி பழைய கிரீஸ் அப்பியிருந்தது. குளிரில் அது இறுகினால் கொக்கி எழும்பாது, மிதி வீண். உள்ளே மழைநீர் இறங்கியிருந்தால் அதுவும் உறைந்து பிடித்துக்கொள்ளும் என்றார்.

எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, கொக்கிகளுக்கு மெல்லிய எண்ணெய், பேரிங்குக்கு மட்டும் கிரீஸ். சக்கரத்தைச் சுற்றியதும் ‘டிக் டிக்’ சத்தம் தெளிவாகக் கேட்டது, எனக்கு அவ்வளவு நிம்மதி!

கூலி 40 வெள்ளி. சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், கூட்டம் அதிகம். மெல்லிய எண்ணெய் நம் மழையில் சீக்கிரம் கழுவிப்போகும் என்பதால் மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் தென்கொரியாவின் சோல் நகருக்குப் பயணம். அதற்கு முந்தின வாரமும் சக்கரம் அவர் கையில்தான்.