மயோர்க்காவில் முதல் ரோடு பைக் விடுமுறை: போர்ட் தே பொயென்சாவா, போர்ட் தே சோயெரா?

ரோடு பைக் என்கிற மெல்லிய டயர் சைக்கிளை ஓட்ட ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போவது என்று முடிவெடுக்க எங்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. லண்டனிலிருந்து இரண்டரை மணி நேர விமானம், ஏப்ரலில் உறைக்காத வெயில், நல்ல சாலைகள். ஆனால் அந்தத் தீவில் எந்த ஊரில் தங்குவது என்பதில் மூன்று வாரம் போனது. புதிதாக ஓட்டுபவர்களுக்கு இந்தக் கேள்விதான் முக்கியம் என்பது போய் வந்தபிறகுதான் புரிந்தது.

நானும் மச்சானும் ரோடு பைக் எடுத்து ஒரு வருடம் ஆகவில்லை. ஞாயிறு காலையில் 50 கி.மீ. ஓட்டுவோம், அவ்வளவுதான் எங்கள் அனுபவம். ஏழு இரவுகளில் ஐந்தை வடக்கே போர்ட் தே பொயென்சாவிலும், கடைசி இரண்டை மேற்கே போர்ட் தே சோயெரிலும் தங்கினோம். அதனால் சோயெரைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஒரே ஒரு முழுநாள் ஓட்டத்தை வைத்துச் சொல்வது. அதற்கேற்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை, சாப்பாடு, வாடகை சைக்கிள் கடை எல்லாம் இரண்டு ஊரிலும் உண்டு. அழகு என்று பார்த்தால் சோயெர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுற்றிலும் த்ரமுந்தானா மலை, நடுவே ஆரஞ்சுத் தோப்புகள், அவற்றினூடே 1913 முதல் ஓடும் மரப்பெட்டி டிராம். பொயென்சா அமைதியான விரிகுடா ஊர், அவ்வளவுதான்.

இருந்தாலும் முதல் தடவை போகிறவர்கள் பொயென்சாவில்தான் தங்கவேண்டும் என்பேன். காரணம் ஒன்றே ஒன்று: விடுதி வாசலிலிருந்து முதல் பத்து கிலோமீட்டரும், திரும்பி வரும்போது கடைசிப் பத்து கிலோமீட்டரும்.

பொயென்சாவில் வாசலை விட்டு இறங்கினால் இடப்பக்கம், வலப்பக்கம் எங்கே திரும்பினாலும் ஒரு வழி இருக்கிறது. கடலை ஒட்டிச் சமதளத்தில் அல்கூடியாவுக்குப் போகலாம். உள்நாட்டுப் பக்கம் சா போப்லா, மூரோ, கம்பனெத் என்று வயல்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஊர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சதுக்கம், ஒரு காபிக்கடை, நான்கு பக்கமும் பிரியும் சாலை. 80 கி.மீ. என்று கிளம்பி, கால் ஒத்துழைக்காவிட்டால் 45-ல் முடித்துக்கொண்டு திரும்பலாம். இரண்டாம் நாள் பெத்ரா வரை போனபோது எங்களுக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறு. பாதி வழியில் திரும்புவதாக இருந்தோம். ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டே போனதில் அந்தச் சதுக்கம் வரை போய்விட்டோம். அங்கே மேசைக்கு மேசை சைக்கிள்காரர்கள். அதுதான் என் வாழ்க்கையின் முதல் 80 கி.மீ.

சோயெரில் அந்தச் சலுகை கிடையாது. ஊருக்கும் துறைமுகத்துக்கும் இடையே உள்ள சில கிலோமீட்டரை விட்டால் வெளியே போகும் எல்லா வழியும் ஏற்றம்தான். தீவின் தலைநகரான பால்மா பக்கம் போக மலைக்குள் சுரங்கப்பாதை இருக்கிறது, ஆனால் அதில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய சாலையில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறி, 500 மீட்டரை ஒட்டிய கணவாயைத் தாண்டவேண்டும். கிழக்கே புயிச் மயோர் மலைப் பக்கம் போனால் 14 கி.மீ. தொடர் ஏற்றம், சராசரி 6 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் 6 மீட்டர் உயரம். தேயா பக்கம் சற்று இலகு, ஆனால் அங்கேயும் ஏற்றமும் வளைவும்தான்.

இந்த 14 கி.மீ. என்றால் என்ன என்பதைப் புதியவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். வாடகை பைக்கில் முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்பக்கம் பெரியதில் 34 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வேகம். ஆக, நிற்காமல் போனாலும் மேலே போய்ச்சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். காலை உணவு முடிந்த கையோடு, உடம்பு சூடாகும் முன்பே இது தொடங்குகிறது. பின்பக்கம் 28 பல் மட்டுமே உள்ள பைக்காக இருந்தால் அதே மிதிக்கு 9 கி.மீ. வேகம் போயாகவேண்டும். ஆறு சதவீத ஏற்றத்தில் அந்த ஒன்றரை கி.மீ. வித்தியாசத்தை முழங்கால் உடனே உணரும். எந்த ஊரில் தங்கினாலும் சரி, முன்பதிவின்போதே பின்பக்கப் பல் எத்தனை என்று கேட்டுவிடுங்கள். பிரேக்கையும் கேளுங்கள்: பிரிட்டனில் முன்பிரேக் வலது கையில், அங்கே வழக்கமாக இடது கையில்.

ஏற்றத்தைவிட என்னைப் பயமுறுத்தியது சோயெரின் கடைசிப் பத்து கி.மீ.தான். மலைக்குப் போனால் வீடு திரும்புவது இறக்கத்தில், கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் நாள் முழுக்க ஓட்டிக் களைத்த கையால் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்குவது புதியவர்களுக்குத்தான் கடினம். பாதி இறக்கத்தில் என் விரல்கள் மரத்துப்போய், இரண்டு முறை ஓரமாக நிறுத்திக் கையை உதறினேன். கீழே வந்தபிறகு டிராம் தண்டவாளம். ரோடு பைக்கின் மெல்லிய டயர் அந்தப் பள்ளத்தில் சிக்கினால் விழுவது உறுதி, செங்குத்தாகத்தான் கடக்கவேண்டும்.

பொயென்சாவில் குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை காற்று. வெயில் ஏறியதும் கடலிலிருந்து நிலத்துக்கு வீசும் காற்றை அங்கே ‘எம்பாத்’ என்கிறார்கள். உள்நாட்டுக்குப் போய்விட்டுப் பிற்பகலில் திரும்பினால் அது நேரே முகத்தில் அடிக்கிறது. மூரோவிலிருந்து அல்கூடியா வரை காற்று என்மேல் குறைவாகப் படும்படி மச்சானின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தேன். “நீ பின்னாலேயே இரு, நான் இழுக்கிறேன்டா” என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எட்டு மணிக்கே கிளம்பி ஒரு மணிக்குள் திரும்பினால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். இன்னொன்று, ஏப்ரல் கடைசியில் ‘மயோர்க்கா 312’ என்ற பெரிய சைக்கிள் நிகழ்வு பக்கத்திலுள்ள மூரோ கடற்கரையில்தான் தொடங்கி முடிகிறது. அந்த வாரத்தில் அறை கிடைப்பது அரிது.

மலையே ஏறவில்லை என்ற குறையும் வேண்டாம். பொயென்சாவிலிருந்து ஃபெமெனியா கணவாய் ஏழரை கி.மீ. அளவுதான், சராசரி 5.5 சதவீதம். அதைத் தாண்டினால் 13ஆம் நூற்றாண்டு முதல் யாத்திரைத் தலமாக இருக்கும் யுக் மடாலயம். அங்கே உட்கார்ந்து உடம்பைக் கேட்டு முடிவெடுக்கலாம்: வந்த வழியே திரும்பலாம், இல்லையென்றால் கைமாரிக்கு இறங்கிச் சமவெளி வழியாக வீடு வரலாம். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம், 65 கி.மீ. அளவு வந்தது. ஃபோர்மெந்தோர் கலங்கரை விளக்கத்துக்குப் போகவர 40 கி.மீ. அளவுதான், ஆனால் அதில் சமதளம் குறைவு. மூன்றாம் நாளுக்குமுன் வேண்டாம். நடுவே இருட்டான சுரங்கப்பாதை ஒன்று வரும், விளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

கார்களைப் பற்றிய பயம் எனக்கு முதல் நாளே போய்விட்டது. சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது ஸ்பெயினில் சட்டம், பெரும்பாலும் விட்டார்கள்.

சோயெரை யாருக்குச் சொல்வேன் என்றால், சைக்கிள் ஓட்டாத மனைவியோ பிள்ளைகளோ கூட வரும்போது. டிராம், பால்மாவுக்குப் போகும் பழைய ரயில், தோப்பு என்று அவர்களுக்குப் பொழுது போகும். ஏற்றம் பழகியவர்களுக்கும் அதுதான் சரியாக இருக்கும்.

அடுத்த ஏப்ரலுக்கும் ஐந்து இரவு பொயென்சா, இரண்டு இரவு சோயெர் என்றுதான் பதிவு செய்திருக்கிறோம். சென்ற முறை டாக்சியில் மாறினோம். இந்த முறை பெட்டிகளை மட்டும் டாக்சியில் அனுப்பிவிட்டு, ஃபெமெனியா, யுக், புயிச் மயோர் என்று மலைச்சாலை வழியாக 60 கி.மீ.க்கு மேல் ஓட்டி, மேலிருந்து சோயெருக்குள் இறங்கப்போகிறோம். அந்த 14 கி.மீ. இறக்கத்துக்காக இப்போதே ஞாயிறுதோறும் பிரேக் பிடித்து இறங்கிப் பழகுகிறேன்.