மருவுக்கு வேர் கிடையாது: ஆணி எடுப்பதாகச் சொல்லி அம்மாவின் காலைப் புண்ணாக்கிவிட்டார்கள்

மண்டபம், பாம்பன், உச்சிப்புளிப் பக்கம் காலில் ஆணி, கையில் மரு என்று அவதிப்படுகிறவர்கள் இதைப் படித்த பிறகே யாரிடமாவது காலை நீட்டுங்கள்.

அம்மா கடல்பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்கினால் கரையேறப் பல மணி நேரமாகும். ஊறிய காலைப் பாறை கிழிக்காத நாளில்லை. வலது குதிகாலில் ஒரு தடிப்பு வந்தது. ஆணி என்றே நினைத்தோம். கோயிலில் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொண்டார்; அதனால் யாருக்கும் கெடுதலில்லை. கெடுதல் பிறகுதான் வந்தது.

பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு வாடகை அறை. ‘ஆணி, மரு, பாலுண்ணி ஒரே நாளில் வேரோடு’ என்று வாசலில் பலகை. உள்ளே இருந்தவர் காலைப் பார்த்ததும், “இதை விட்டுவைத்தால் புற்றாகிவிடும், ஆத்தா. வேருக்கு 300 ரூபாய், எத்தனை இருந்தாலும் எடுத்துவிடுகிறேன்” என்றார். சர்க்கரை நோய் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவுக்கு 9 வருடமாகச் சர்க்கரை. ஏதோ ஒரு களிம்பைத் தடவி, பிளேடால் சீவி, இடுக்கியால் வெள்ளை வெள்ளையாக நூல்போல எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்தார். 11 வேர் என்று எண்ணிக் காட்டி 3,300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தப் பிளேடு புதியதா என்று நானும் பார்க்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

நான்காம் நாள் குதிகால் கறுத்து, நீர் வடிந்தது. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே தோல் மருத்துவர் சொன்ன முதல் சொல்லே, “மருவுக்கு வேர் கிடையாது” என்பதுதான். ஹெச்.பி.வி. என்ற வைரஸ் தோலின் மேலடுக்கில் உண்டாக்கும் வளர்ச்சி அது. ஊறிய தோல், சிறு கீறல் வழியாக நுழைகிறது. அந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. பாதத்தில் சாதாரணமாக மரு வரவைப்பவை வேறு, கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்குபவை வேறு. அந்த அறைக்காரர் எங்களைப் பயமுறுத்தியே பணம் பறித்திருக்கிறார்.

ஆணிக்கும் மருவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் மருத்துவர் காட்டினார். ஆணி, நேராக அழுத்தினால் வலிக்கும். பாத மருவை இருபக்கமும் பிடித்துக் கிள்ளினால்தான் அதிகம் வலிக்கும். தோலின் ரேகை அதன்மேல் ஓடாது. கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். அம்மாவின் காலில் மருவின் அடையாளங்கள் எல்லாமே இருந்தன.

சாலிசிலிக் அமிலம் பூசுவது ஒரு வழி. வெந்நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்துவிட்டு, தினமும் பூசினால் வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகும். சர்க்கரை உள்ளவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தாங்களாகக் கடையில் வாங்கிப் பூசவே கூடாது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறையவைப்பது இன்னொன்று. இரண்டு மூன்று வார இடைவெளியில் பலமுறை போகவேண்டும். மின்சாரத்தால் சுட்டு எடுப்பதும் உண்டு. எதைச் செய்தாலும் சிலருக்குத் திரும்ப வரும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாகவே உதிர்ந்துவிடும். ஆகவே ‘ஒரே நாளில்’ என்ற பலகையைப் பார்த்தாலே விலகிவிடுங்கள்.

புண் ஆற இரண்டு மாதமாயிற்று. அதுவரை மருவை மருத்துவர் தொடவில்லை. பாசி எடுக்கும் நாள்களே மாதத்தில் கொஞ்சம்தான். அத்தனையும் அம்மாவுக்குப் போயிற்று. விரலில் சுற்றும் துணிகள் துவைத்துக் காய்ந்து கொடியிலேயே கிடந்தன. சீவிய இடத்துக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு மரு புதிதாக வந்திருக்கிறது.

பணத்தைக் கேட்கப் போனபோது அறை பூட்டியிருந்தது. போன வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேறோர் ஊரில் அதே பலகையைப் பார்த்தேன். வாசலில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் மூவரிடமும் சொன்னேன். இருவர் எழுந்து வந்தார்கள்.