ஊரணி வேலைக்கு ஆள் கூப்பிடும் முன்: ஒரு கடலோரத் தன்னார்வக் குழு எப்படி?

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு சிற்றூர். அங்கே சில ஆண்டுகளாக ஒரு தன்னார்வக் காப்புக் குழு இயங்குகிறது. ஊரணி தூர்வாருவது, அதற்கு மழைநீர் கொண்டு வரும் வரத்துக்கால் மீட்பது, சீமைக்கருவேலம் பிடுங்குவது, கரையில் பனை வைப்பது, ஊரணி நீரை மணலில் வடித்தெடுக்கும் வடிகட்டிக் கிணறு கட்டிக் கொடுப்பது என்று பக்கத்து ஊர்களுக்கும் போய் வேலை செய்கிறார்கள். கூலி வாங்குவதில்லை. ஜேசிபி வாடகை, டீசல், செங்கல், சிமெண்ட் செலவு மட்டும் கூப்பிட்ட ஊர் தலையில். ஜேசிபி வாடகையே மணிக்கு ஆயிரத்துக்கு மேல் போகிறது என்பதால், கூப்பிடலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்பீடு. குழுவின் பெயர் இங்கே தேவையில்லை, வேலையைப் பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மண் வேலை முதல் தரம். வரத்துக்கால் வேலை அதைவிட ஒரு படி மேல். கருவேல வேலையில் ஒரு பெரிய ஓட்டை. மரம் நடுவது சுமார். வடிகட்டி, கட்டும்வரை நன்று, கட்டிய பிறகு கேட்பாரில்லை.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்களே, இந்தக் கரை ஊரணிக்கு அது அப்படியே பொருந்தும். மேலே வெயில், கீழே உப்பு. அரை ஏக்கர் ஊரணி என்றால் சுமார் 2000 சதுர மீட்டர். 2 மீட்டர் ஆழத்துக்கு நிரம்பினால், கரைச் சரிவைக் கழிக்காமல், 40 லட்சம் லிட்டர். நூறு வீடு, வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 40 லிட்டர் என்று வைத்தால் எட்டு மாதத்துக்கு ஊர் எடுப்பது பத்து லட்சம் லிட்டருக்குள் அடங்கும். அதே எட்டு மாதத்தில் வெயில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீரை உறிஞ்சிவிடும், அதாவது 20 லட்சம் லிட்டர். ஊர் குடிப்பதைப்போல இரண்டு மடங்கைச் சூரியன் குடிக்கிறது. அப்படியானால் பரப்பைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினால் போதுமே என்று தோன்றும். நிறைய ஊர்கள் கெட்டது அங்கேதான். அடியில் இருக்கும் களித் தட்டு உடைந்தால் கீழிருந்து உவர்நீர் ஊறி ஏறும். ஐப்பசி மழையில் நிரம்பிய நல்ல தண்ணீர் தை மாதத்திலேயே கரிக்கத் தொடங்கும். அப்புறம் அது மாடு குளிப்பாட்டத்தான்.

இந்தக் குழு அந்தத் தவறைச் செய்வதில்லை. ஜேசிபி வருவதற்கு முன் ஊரணியின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் உட்தரையில், ஐந்து இடத்தில், நான்கு மூலையிலும் நடுவிலும், கையால் திருகி இறக்கும் துளைப்பானால் குழி போடுகிறார்கள். அரை அடிக்கு ஒருமுறை வெளியே வரும் மண்ணை வரிசையாகச் சாக்கில் பரப்பி வைக்கிறார்கள். மேலே கறுத்த வண்டல், அதற்குக் கீழே மணல் கலந்த களி, பிறகு சாம்பல் நிறக் கெட்டிக் களி. கெட்டிக் களியா என்று அறிய ஒரு பிடி எடுத்து நனைத்து, உள்ளங்கையில் உருட்டித் திரிக்கிறார்கள். ஒரு விரல் நீளத்துக்கு ஒடியாமல் தொங்கினால் களி, நடுவிலேயே அறுந்தால் மணல் அதிகம். குழியில் ஊறும் நீரை ஒரு ராத்திரி விட்டு, காலையில் நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்க்கிறார்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. ஊற்றுநீர் அந்த 2000-ஐத் தாண்டும் குழியைச் சுற்றி சுண்ணாம்பில் வட்டம் போட்டுவிடுகிறார்கள், அங்கே ஜேசிபி வாளி இறங்கக் கூடாது. மற்ற இடங்களில் களித் தட்டில் குறைந்தது அரை மீட்டரைத் தொடாமல் விட வேண்டும் என்பது விதி. கொள்ளளவு போதவில்லை என்றால் கரையை உயர்த்துகிறார்கள், அடியைத் தோண்டுவதில்லை.

எழுதி வைப்பது எல்லோருக்கும் வரும். களத்தில் அதைக் காப்பதுதான் பாடு. ஜேசிபி ஓட்டுநருக்கு மணிக் கணக்கு. எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு காசு, ஆழத்தைப் பற்றி அவருக்கென்ன கவலை. அதனால் மட்டக்குழாயால் அளந்து, உள்வாயில் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்து, வாளி இறங்குகிற நேரமெல்லாம் குழுவில் ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார். தவறிப்போய்த் தட்டு குத்துப்பட்டால் அன்றைக்கே பிசைந்த களியைக் கால் கால் அடியாகப் போட்டு மிதித்து அடைக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் ஊறிய உவர்நீர் ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

அள்ளிய வண்டலை உள்கரையில் குவிக்க விடுவதில்லை. முதல் மழையில் அது திரும்ப உள்ளே வந்துவிடும் என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் பாதி ஊரணிகளில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். இங்கே வண்டல் வயலுக்குப் போகிறது. அதற்கு வட்டாட்சியர் அனுமதியைக் கையில் வாங்கிய பிறகே டிராக்டரை உள்ளே விடுகிறார்கள். அனுமதிச் சீட்டில்லாமல் போகும் டிராக்டர் மாட்டினால் ஓட்டியவர் பாடு திண்டாட்டம். கரைக்கு எடுக்கும் மண்ணை அரை அடி அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்கிறார்கள். ஓரடி உயரத்துக்கு உள்சரிவு இரண்டடி, வெளிச்சரிவு ஒன்றரை அடி. சரிவில் அருகம்புல் பத்தை.

இனி வரத்துக்கால். தூர்வாரிய ஊரணிப் படத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் இதற்குக் கிடைக்காது. ஆனால் தண்ணீர் வருகிற வழி அடைபட்டால் ஊரணி வெறும் பள்ளம்தான். இந்தப் பக்கத்தில் வரத்தை மறிப்பவை மூன்று: பாதையை உயர்த்தும்போது குழாய் வைக்காமல் போட்ட சாலை, இறால் பண்ணைக் கரை, கருவேலப் புதர். குழு முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு (ஊர் நிலக் கணக்கு) நகலும் புலப்படமும் வாங்கி, வரத்து எந்தப் புல எண் வழியாக வந்தது என்று பார்க்கிறது. பிறகு நில அளவர் வந்து கல் நடுகிறார். கல் நட்ட பிறகே மண்வெட்டி. இந்த வரிசை மாறினால் பக்கத்து நிலக்காரரோடு சண்டை, வேலை நின்றுபோகும்.

ஊரணி வாயில் இவர்கள் கட்டும் வண்டல் தொட்டியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். 2 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் ஒரு மீட்டர். உள்ளே வரும் பக்கத்தில் கம்பித் தடுப்பு, வெளியேறும் பக்கத்தில் பலகை போட்டு எடுக்கிற காடி. முதல் மழை நீரில் ஆட்டுப் புழுக்கையும், உவர்த்தரை மேலே பூத்த உப்பும், பிளாஸ்டிக்கும் சேர்ந்து வரும். பலகையைப் போட்டு அதை ஓரத்து வாய்க்கால் வழியே திருப்பி விட்டுவிட்டு, இரண்டாம் மழைக்குத்தான் ஊரணியைத் திறக்கிறார்கள். கோட்டைக்கரையாற்றுப் பக்கமோ வைகைக் கடைக்கோடியோ, எங்கே இருந்தாலும் இந்தப் பலகை முறையைப் பார்த்துச் செய்யலாம், செலவு சொற்பம்.

கருவேலம் பிடுங்குவதிலும் தொடக்கம் சரியாகத்தான் இருக்கிறது. தரையோடு வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும் என்பதால் ஒரு அடி ஆழத்தில் அடிக்கட்டையோடு தோண்டி எடுக்கிறார்கள். மழை முடிந்து மண் இளகியிருக்கும்போது செய்வதால் வேர் அறாமல் வருகிறது. கரையில் பிடுங்கிய குழிகளை அன்றே களி போட்டு இடித்து மூடுகிறார்கள். மூடாத குழிதான் அடுத்த மழையில் உடைப்பு. கட்டையைக் கரிமூட்டம் போடுபவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் நல்லது. பிறகு என்ன செய்கிறார்கள் என்றால், நட்ட மரக்கன்றுகளைச் சுற்றி ஆடு வராமல் இருக்க அந்தக் கருவேல முள்ளையே வேலியாகக் கட்டுகிறார்கள்! கிளையில் மஞ்சளாய் முற்றிய காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. ஆடு காயைத் தின்று கரை முழுக்கப் புழுக்கை போடும், விதை செரிக்காமல் அதில் கிடக்கும். மழை விழுந்ததும் வேலி ஓரத்தில் கோடு போட்டதுபோல் கருவேலங்கன்று முளைத்து நிற்கிறது. வேலிக்கு முள் வேண்டும் என்றால் காய் பிடிக்கும் முன்னே வெட்டியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காயை உதிர்த்து எரித்துவிட்டுக் கட்ட வேண்டும். பிடுங்கிய இடத்தை அடுத்த இரண்டு மழைக்காவது சுற்றி வந்து, சாண் உயரத்தில் இருக்கும்போதே கையால் பறிக்கவும் ஆள் போட வேண்டும். இது குழுவின் திட்டத்திலேயே இல்லை.

மரம் நடுவதில் பனை மட்டும் தேறுகிறது. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது விதை பொறுக்கி, வெளிக்கரையில் பத்தடிக்கு ஒன்றாக அரை அடிக்குச் சற்று மேல் ஆழத்தில் புதைக்கிறார்கள். பனை முதலில் கீழ்நோக்கித்தான் கிழங்கு இறக்கும், தரைக்கு மேல் ஒன்றும் காணோமே என்று மறுபடி கிளறக் கூடாது. கிளறுவதற்கு வேறு காரணமும் உண்டு, பொங்கல் நெருங்கும்போது பனங்கிழங்குக்காகத் தோண்டிப் போய்விடுகிறார்கள். ஊருக்குப் பக்கத்துக் கரையில் இரட்டை விதை போடுவது நல்லது. உள்சரிவில் வரிசையாகப் புங்கன் வைத்ததுதான் பொறுக்க முடியாத வேலை. இலை உதிர்ந்து நீரில் அழுகிக் கறுக்கிறது, வேர் கரையைத் துளைக்கிறது. புங்கனும் வேம்பும் வெளிக்கரை அடிவாரத்தோடு நிற்கட்டும்.

வடிகட்டிக் கிணற்றின் அமைப்பு சரி: அடியில் சரளை, மேலே பருமணல், அதற்கும் மேலே மூன்று அடி ஆற்று மணல். ஒரு ஊரில் மட்டும் செலவைக் குறைக்கக் கடல் மணலைப் போட்டிருக்கிறார்கள். சங்குத் தூளும் சிப்பித் தூளும் கலந்த மணல் அது, உப்பும் விடாது, நீரின் கடினத்தன்மையும் ஏறும். வாங்கும் மணலில் ஒரு கைப்பிடி எடுத்து வினிகரை ஊற்றிப் பாருங்கள், பொங்கி நுரைத்தால் திருப்பி அனுப்புங்கள். மணலின் மேல் இரண்டு மூன்று வாரத்தில் வழவழப்பான பழுப்புப் படலம் பிடிக்கும். கிருமியைத் தடுப்பது பெரும்பாலும் அந்தப் படலமே. அழுக்கென்று நினைத்து மணலை முழுக்க அள்ளிக் கழுவினால் எல்லாம் போச்சு. நீர் இறங்குவது மந்தமானால் மேலே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். படலம் திரும்பப் பிடிக்கும்வரை காய்ச்சிக் குடிக்க வேண்டும். கோடையில் ஊரணி நீர், வடிகட்டிக்கு நீர் எடுக்கும் குழாய்க்குக் கீழே இறங்கி மணல் காய்ந்தால் படலம் செத்துவிடும், மழைக்குப் பிறகு மறுபடி மூன்று வாரம். இதை எந்த ஊரிலும் குழு சொல்லிக் கொடுத்துவிட்டு வரவில்லை. மாதம் ஒருமுறை எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) சோதனைப் பாட்டிலில் நீர் பிடித்து வைத்தால், மலக்கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். பாட்டிலை ஊரே வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

கடற்கரை வேலை சுருக்கம். வாரம் ஒரு நாள் அறுந்த தங்கூசி (நைலான் இழை) வலைகளைப் பொறுக்குகிறார்கள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிட்ட தடம் கண்டால் தாங்களே தோண்டாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்கிறார்கள், அது சரி. முட்டையை இடம் மாற்றுவதென்றால் இட்ட சில மணி நேரத்துக்குள், மேல்பக்கம் மாறாமல் செய்ய வேண்டும். பழக்கமில்லாத கை பட்டால் கரு கெட்டுவிடும்.

கூப்பிட நினைப்பவர்கள் மாசிக்குள் கடிதம் கொடுத்துவிடுங்கள். துளை போட்டுப் பார்க்க, புலப்படம் எடுக்க, வட்டாட்சியர் அனுமதி வாங்க ஒன்றரை மாதமாவது ஆகும், ஊரணி காய்ந்து கிடப்பது சித்திரை முதல் ஆடி வரைதான். ஊராட்சித் தீர்மானத்தில் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள்: குடிநீர் ஊரணியில் மீன் பாசி ஏலம் (மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது) இல்லை, காயோடு கருவேல முள் வேலி இல்லை, வடிகட்டி சுரண்ட மாதச் சம்பளத்தில் ஒரு ஆள். முதல் இரண்டுக்கும் குழு உடனே தலையாட்டும். மூன்றாவதற்கு ஊர்தான் காசு ஒதுக்க வேண்டும்.