ஜிப்ஸி ஜீப்பை உயரமாகத் தூக்க, அதாவது லிஃப்ட் போடக் கொடுத்து 1,28,000 ரூபாயைத் தொலைத்தேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் படிக்கவும்

நேற்று ராத்திரிதான் மதுரையிலிருந்து வெறுங்கையோடு பஸ்ஸில் திரும்பினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அந்த ஆளுக்கும் அதுதான் வேண்டும். ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ரூபாய். கடைப் பெயரைப் போட்டால் வேறு வம்பு வரும் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். மதுரைப் பக்கம், பைபாஸ் ஓரம், ஜீப்பைப் பாறையில் ஏற்றி ரீல்ஸ் போடுகிற ஒரு மாடிஃபிகேஷன் பட்டறை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

என் வண்டி 2004 மாடல் ஜிப்ஸி. மச்சினன் மூக்கையூரில் வள்ளம் வைத்திருக்கிறான். கரையிலிருந்து மீன் பெட்டியை மணலில் இழுத்துத் தார் ரோட்டுக்குக் கொண்டுவருவது இந்த வண்டிதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மணல் மேட்டில் அடிவயிறு தட்டி நின்றுவிடும். ரெண்டு இன்ச் தூக்கி, டயரைப் பெரிதாக்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

எங்கள் பெரியப்பா ஒருவர், 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு போடுவதற்கு முன்னால் தனுஷ்கோடி மணலில் வேன் ஓட்டியவர். "எதுக்குடா தூக்குற? டயர்ல காத்தப் பாதியா இறக்கிட்டு ஓட்டு, தார் ரோடு ஏறுனதும் அடிச்சுக்க" என்றார். கேட்டேனா?

பட்டறைக்குப் போன அன்று நடந்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஓனர் வெள்ளைச் சட்டையோடு அப்படியே தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். டார்ச் அடித்துப் பத்து நிமிஷம் பார்த்தார். முழங்கையெல்லாம் துருவோடு வெளியே வந்து, "அண்ணே, உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல சேஸிஸ இப்படி வச்சிருக்கீங்களே, எங்க ஊர் வண்டிகூட இப்படி இல்லண்ணே" என்றார். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுகிறவன் நான். இருபது வருஷமாக ஒருத்தரும் சொல்லாததை ஒருத்தர் சொல்லிவிட்டார். அங்கேயே விழுந்துவிட்டேன். அந்த இடத்திலேயே 60,000 ஜிபே பண்ணினேன்.

பேசியது இதுதான். நாலு பக்கமும் புதுப் பட்டை (வண்டியைத் தாங்குகிற லீஃப் ஸ்பிரிங்) செட், நீளமான ஷாக் அப்சார்பர் நாலு, எல்லாம் சேர்த்து 68,000. டயர் 235/75 ஆர் 15, ஸ்டெப்னியோடு ஐந்து, ஒன்று 9,000 வீதம் 45,000. கூலி 15,000. பில் கேட்டேன். "பில்லு போட்டா ஜிஎஸ்டி கூட வரும்ணே, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்று ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதில் கடைப் பெயர்கூட இல்லை. ஆர்டிஓவில் சிக்கல் வருமா என்றேன். "ரெண்டு இன்ச்தானண்ணே, யாரு டேப் வச்சு அளக்கப்போறா?"

பத்து நாள் என்றது இருபத்தாறு நாளானது. எடுக்கப் போனபோது வண்டி பளபளவென்று நிற்கிறது. டயரெல்லாம் பாலிஷ் போட்டுக் கன்னங்கரேல் என்றிருக்கிறது. பழைய பட்டையைக் கேட்டேன், ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார்கள். என் மகனை பானட் மேல் உட்காரவைத்து ரீல்ஸ் எடுத்தார்கள். மீதி 68,000 கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பரமக்குடி தாண்டியதும் ஆரம்பித்தது. எழுபதில் போனால் வண்டி சுக்கான் இல்லாத வள்ளம் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கிறது. ராமநாதபுரம் வருவதற்குள் சீட்டுக்கு அடியில் தடதடவென்று ஒரு அதிர்வு. போன் போட்டேன். "புதுப் பட்டைண்ணே, செட் ஆகணும். ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும்." சரி என்று ஓட்டினேன்.

ஒன்பதாம் நாள் சீமைக்கருவேல முள் ஏறி முன் டயர் இறங்கிவிட்டது. ஏர்வாடி பக்கம் ஒரு பஞ்சர் கடை. பையன் ஜாக்கி போட்டுத் தூக்கினதும் எட்டிப் பார்த்து, "அண்ணே, பிரேக் ஹோஸ் என்ன இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குது?" என்றான். பிரேக் ஆயில் சக்கரத்துக்குப் போகிற ரப்பர் குழாய் அது. வண்டியைத் தூக்கினவர்கள் பழைய நீளத்து ஹோஸையே விட்டிருக்கிறார்கள். ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கியிருந்தால் ஹோஸ் பிய்ந்து பிரேக்கே இருந்திருக்காது. அப்புறம் டயரைக் கழற்றித் திருப்பிப் போட்டான். உள்பக்கம் பாலிஷ் இல்லை. கட்டைவிரலில் எச்சில் தொட்டு ஒரு இடத்தைத் தேய்த்தான். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு நம்பர்: 1416. "2016ஆம் வருஷம் பதினாலாவது வாரம் வந்த டயருண்ணே இது. புதுசுன்னா வாங்குனீங்க?" ரிம் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினான். வறண்ட கண்மாய்போல் பொடிப்பொடியாக வெடிப்பு. இந்தத் தேதி நம்பர் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கம்தான் இருக்கும். ஐந்து டயரிலும் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு என்றால் தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம்.

சாயல்குடியில் எங்கள் பழைய மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் பின்பக்கப் பட்டையில் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டினார். உள்ளே ஒரு கிளாம்ப், அதில் உளியால் அடித்த மூன்று பொட்டு. அது அவரே நாலு வருஷத்துக்கு முன்னால் அடித்துப் போட்ட கிளாம்ப்! ஸ்கிராப்பில் போட்டதாகச் சொன்ன என் பட்டைதான், பெயின்ட் பூசி, 68,000 ரூபாய்க் கணக்கில் எனக்கே திரும்ப வந்திருக்கிறது. தூக்கினது எப்படி? பட்டை நுனியை சேஸிஸோடு இணைக்கிற தகடுதான் ஷேக்கிள், லேத்தில் தகடு வெட்டி அதை நீளமாகப் போட்டிருக்கிறார்கள். ஷேக்கிளை நாலு இன்ச் நீட்டினால் வண்டி ரெண்டு இன்ச் ஏறும், கண்ணுக்கு லிஃப்ட் மாதிரியே தெரியும். ஆனால் முன் ஆக்சில் சாய்ந்து ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்கிற காஸ்டர் கோணம் கெட்டுவிடும், அதனால்தான் ஸ்டியரிங் அலைந்தது. பின்னால் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற ஷாஃப்டின் கோணம் மாறி, அதன் மூட்டான கிராஸ் அடிக்கிறது, தடதடவென்ற அதிர்வு அதுதான். ஷாக் அப்சார்பரும் பழையதுதான்.

இதன்பிறகு போனில் நடந்ததை எழுதினால் இன்னொரு பதிவு ஆகும். முதல் நாள் "ஓனர் ட்ரயல்ல இருக்காரு." அடுத்த நாள் "வண்டியக் கொண்டாங்க பாத்துக்கலாம்." பிரேக்கை நம்ப முடியாத வண்டியை எப்படிக் கொண்டுவர என்றால், "அப்ப திங்கக்கிழமை கூப்பிடுறேண்ணே." டயர் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அந்த ரீல்ஸில் போய் நடந்ததை எழுதினேன். ஒரு மணி நேரத்தில் என் கமெண்டைக் காணோம், நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டார்கள். என் மகன் மட்டும் இன்னும் பானட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான், "ராம்நாடு அண்ணனுக்காக" என்ற எழுத்தோடு.

நேற்று நேரிலேயே போனேன். அதே வெள்ளைச் சட்டை. "உப்புக்காத்து ஊருண்ணே, அங்க எந்த டயரப் போட்டாலும் வெடிக்கத்தான் செய்யும்" என்றார். சேஸிஸைப் புகழ்ந்த அதே வாய். பட்டையைப் பற்றிக் கேட்டதும், "பில்லு இருக்காண்ணே?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

புகார் கொடுக்கலாமா என்று தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். ஜிபே கணக்கு இருக்கிறது, ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் போடலாம் என்றார். கூடவே, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை ஓனர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, 2019இல் சுப்ரீம் கோர்ட்டும் இதைச் சொல்லியிருக்கிறது, எதிர்த்தரப்பு முதலில் உன் வண்டியைத்தான் கேள்வி கேட்கும் என்றார். ஏமாந்தவனும் நான், தப்புச் செய்தவனும் நான். இருந்தாலும் போடத்தான் போகிறேன். 1,28,000 ரூபாய் எனக்குச் சும்மா வரவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மணி பன்னிரண்டாகிவிட்டது. சுருக்கமாக: டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் ரெண்டு பக்கமும் திருப்பி அந்த நாலு நம்பரைப் பாருங்கள். கழற்றின பழைய சாமானை அன்றே கையோடு வாங்குங்கள், அதற்கு முன்னால் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு அடையாளம் போட்டுவைங்கள். வண்டியைத் தூக்கினால் பிரேக் ஹோஸ் நீளம், பட்டையை ஆக்சிலோடு இறுக்குகிற யூ போல்ட் புதுசா என்பது, ரெண்டையும் கேளுங்கள். ஜிப்ஸிக்கு என்னுடையது மாதிரிப் பெரிய டயர் போட்டால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66இல் போகும், அதையும் மனதில் வையுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

வண்டி சாயல்குடியில் கட்டை மேல் நிற்கிறது. விடிந்தால் மச்சினனுக்குப் பெட்டி ஏற்ற டாடா ஏஸ் சொல்லியிருக்கிறேன், நடைக்கு 900 ரூபாய்.